பிழை நாணயமும் பித்தலாட்டமும்

'உங்களிடம் இந்தப் பழைய ஐந்து ரூபாய் நாணயம் இருக்கிறதா? நீங்கள்தான் லட்சாதிபதி' என்ற வகையிலான காணொலிகள் சமூக ஊடகங்களில் ஓய்வின்றிச் சுற்றி வருகின்றன. இது குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதியே பொதுமக்களை எச்சரித்தது. தனது பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி, பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணம், கமிஷன், வரி என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். இத்தகைய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை. யாருக்கும் அதற்கான அதிகாரம் அளிக்கவுமில்லை என்று அது தெளிவுபடுத்தியது.

முன்பணம் பறிக்கும் மோசடி பற்றிய எச்சரிக்கை அது. ஆனால், அதே ஆசையை மூலதனமாகக் கொண்டு வேறொரு வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. சாதாரண நாணயத்தை அரத்தால் தேய்த்து, நெளித்து, முலாம் பூசி, 'அரிய அச்சுப் பிழை' என்று விற்பதே அது. இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்று கருதுகிறேன்.

உண்மையான பிழை நாணயங்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சேகரிப்பாளர்களிடையே நியாயமான மதிப்பும் உண்டு. உலோகத் தகட்டிலிருந்து வில்லை வெட்டுவது, விளிம்பு எழுப்புவது, இரு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்துவது என்ற படிகளில் நாணயம் உருவாகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்றில் தவறு நேர்ந்து, அது சோதனையிலும் தப்பி வெளியே வந்தால் அதுவே பிழை நாணயம். நாணயச்சாலையைவிட்டு வெளியேறிய பின் நேர்வதெல்லாம் வெறும் சேதம். இந்த ஓர் எல்லைக்கோடு புரிந்துவிட்டால் பாதி ஏமாற்று வேலைகள் பலிக்காது.

இதற்கு உலகறிந்த சான்று, அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் 1937-இல் அடிக்கப்பட்ட ஐந்து சென்ட் நாணயம். அதன் அச்சை அளவுக்கு மீறித் தேய்த்து மெருகேற்றியதால், அதிலிருந்த காட்டெருமையின் முன்கால் ஒன்று மறைந்துபோனது. 'மூன்று கால் எருமை' என்று அது புகழ்பெற்றதும், சாதாரண நாணயத்தில் உள்ள காலைச் சுரண்டி நீக்கி விற்பவர்கள் கிளம்பினார்கள். உண்மையான நாணயத்தில் எருமையின் வயிற்றிலிருந்து தரையை நோக்கிச் சிறுசிறு புள்ளிகள் மேடாக எழுந்து நிற்கும். சுரண்டியதில் அவை இரா.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. அச்சைத் தேய்க்கும்போது விழும் கீறல் அச்சில் பள்ளமாக இருக்கும். எனவே, நாணயத்தில் அது மேடாக எழும். நாணயத்தையே தேய்த்தால் கீறல் நாணயத்தில் பள்ளமாகத் தங்கிவிடும். சாதாரண உருப்பெருக்குக் கண்ணாடி போதும், இந்த வேறுபாட்டைக் காண.

மற்ற சோதனைகளும் கடினமானவை அல்ல. தகட்டில் ஏற்கெனவே வெட்டிய துளையின்மீது மீண்டும் வெட்டு விழுந்தால் வில்லையின் ஓரம் பிறைபோலக் குறைந்துவிடும். அப்படிப்பட்ட நாணயத்தில் குறைந்த இடத்துக்கு நேர் எதிர்ப்புற விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். பின்னர் வெட்டியெடுத்த நாணயத்தில் எதிர்ப்புறம் முழுமையாக இருக்கும். இரு நாணயங்களை வைஸில் வைத்து இறுக்கித் தலைகீழ் உருவத்தைப் பதித்தால், ஏற்கெனவே இருந்த உருவம் நசுங்கிய தடயம் அடியில் தெரியும். முலாம் பூசியதைக் காந்தமும் தராசும் காட்டிக் கொடுத்துவிடும். 2011-இல் ரூபாய் குறியீட்டுடன் வந்த பத்து ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம், விட்டம் 27 மி.மீ. எதையாவது தேய்த்தால் எடை குறையாமல் இருக்க வழியில்லை.

எதையும் தேய்க்காமலேயே ஏமாற்றுவோரும் உண்டு. மும்பை நாணயச்சாலைக்கு வைர வடிவம், ஹைதராபாதுக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என ஆண்டுக்குக் கீழே அடையாளக் குறி இடப்படுகிறது. கொல்கத்தாவில் அடிக்கப்படும் நாணயங்களுக்குக் குறியே கிடையாது. 'குறியில்லாத அபூர்வ நாணயம்' என்று விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் கொல்கத்தாவின் சாதாரண நாணயமே.

இதன் மறுபக்கத்தையும் நாம் கண்டிருக்கிறோம். தமிழகத்தின் பல ஊர்களில் கடைகளிலும் பேருந்துகளிலும் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தார்கள். ரூபாய் குறியீடு உள்ளது நல்லது, இல்லாதது போலி என்ற வதந்தியே காரணம். 14 வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டியிருந்தது. நல்ல நாணயத்தைப் போலி என்று ஒதுக்குவதும், தேய்த்த நாணயத்தைப் பொக்கிஷம் என்று வாங்குவதும் ஒரே அறியாமையின் இரு விளைவுகள். நம் கையில் அன்றாடம் புழங்கும் பொருளைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, சிதைக்கப்படாமலும், நிர்ணயித்த அளவுக்குக் கீழே எடை குறையாமலும் இருந்தால்தான் ஒரு நாணயம் சட்டப்படி செல்லும். ஆயிரக்கணக்கில் கொடுத்து, தேய்த்த பத்து ரூபாயை வாங்கியவர் கையில் சட்டப்படி அந்தப் பத்து ரூபாய்கூட மிஞ்சாமல் போகலாம். வேறொரு நாணயம் என நம்பவைக்கும் நோக்கில் தோற்றத்தை மாற்றுவதை இந்திய தண்டனைச் சட்டம் தொடக்கத்திலிருந்தே குற்றமாகக் கருதி வந்தது. ஆகவே, இதைப் பொழுதுபோக்குக்காரர்களிடையே நடக்கும் சில்லறைத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது.

செய்ய வேண்டியவை எளியவையே. ஒவ்வொரு நாணயத்தின் எடை, விட்டம், உலோகம் ஆகியவை அரசிதழில் வெளியாகின்றன. ஆனால், அரசிதழைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் சாமானியருக்கு இல்லை. அவற்றைப் படங்களுடன் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்யலாம். 'பிழை நாணயம்' என்று பட்டியலிடும் விற்பனையாளர், எடையையும் இருபுறம் மற்றும் விளிம்பின் தெளிவான படங்களையும் தர வேண்டும் என்று இணைய வணிகத் தளங்கள் நிபந்தனை விதிக்கலாம்.

அதுவரை வாங்குபவர் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தப் பிழை நாணயச்சாலையில் எந்தப் படியில், எப்படி நேர்ந்தது? அதற்கு விளக்கம் சொல்ல முடியாதவரிடம் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதே விவேகம்.