கரும்புச் சோகையை எரித்தல் தகுமா?

கரும்பு வெட்டு முடிந்ததும் வயலில் கிடக்கும் சோகைக்குத் தீ வைத்துவிடுவது குடியானவர் பலரது வழக்கம். சிறிது நேரத்தில் வயல் சுத்தமாகிவிடுகிறது; கட்டைப் பயிருக்கு நீர் பாய்ச்சத் தடையில்லை; ஆள் கூலியும் மிச்சமாகிறது. இவ்வனுகூலங்கள் மெய்யே. ஆயினும் அத்தீயில் போவது யாது என்று கணக்கிட்டுப் பார்ப்பின், மிச்சத்தைவிட நஷ்டமே பெரிது என்பது விளங்கும்.

தீக்குக் காற்று இன்றியமையாதது என்பதை அடுப்பு ஊதுவோர் யாவரும் அறிவர். காற்றின் கன அளவில் 100-க்கு ஏறக்குறைய 21 பங்கு பிராண வாயு. 1774-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி அதனைத் தனியே பிரித்தெடுத்தார். எரியும் பொருளிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்பதே அக்காலத்துக் கொள்கை. அது தவறென்றும், எரிதலாவது பொருள் பிராண வாயுவுடன் கூடுதலே என்றும் பிரான்சு தேசத்து லவாய்சியர் நிறுத்துப் பார்த்து நிலைநாட்டினார். பிராணிகளின் சுவாசமும் மெதுவாக நிகழும் ஒருவகை எரிதலே என்று 1783-ல் அவரும் லாப்லாசும் காட்டினர்.

சோகை மக்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் சோகையிலுள்ள கரியைப் பிராண வாயுவுடன் கூட்டி, அதனால் கிடைக்கும் சக்தியைக் கொண்டு வாழ்கின்றன. நன்கு அமைந்த எருக்குவியலின் உட்புறம் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவது இதனாலேயே. ஆகவே தீயும் மக்குதலும் ஒரே வாயுவின் இரு தொழில்கள். வேகத்திலும், பின்னர் எஞ்சுவதிலுமே வேற்றுமை உள்ளது.

தீயில் 12 பங்கு கரி 32 பங்கு பிராண வாயுவுடன் கூடி, 44 பங்கு கரியமில வாயுவாகி வானில் கலந்துவிடுகிறது. தழைச்சத்தும் பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது. ஏக்கருக்குச் சுமார் 4 டன் சோகை கிடைக்கும். அதில் 100-க்கு 0.4 பங்கு தழைச்சத்து எனக் கொண்டால் 16 கிலோ ஆகிறது. இது ஏறக்குறைய 35 கிலோ யூரியாவில் அடங்கிய சத்தாகும். விலை கொடுத்து வாங்கும் சத்தை வயலிலேயே கொளுத்துவது சிக்கனமாகுமா? மக்கும்போதோ, கரியில் ஒரு பகுதியே வாயுவாகிறது. எஞ்சியது மக்காகி மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைக் காக்கிறது.

சாம்பலும் எருவன்றோ என்பர் சிலர். சாம்பற்சத்து அதில் எஞ்சுவது உண்மை. ஆனால் அச்சத்து மக்கிய எருவிலும் உண்டு. பூச்சியும் நோயும் அழியும் என்பர் வேறு சிலர். செவ்வழுகல் கண்ட தூர்களைத் தோண்டி எரிப்பது அவசியமே. அதன்பொருட்டு நோயற்ற வயல்களையும் எரித்தல் முறையன்று.

சோகை எளிதில் மக்காது என்ற குறை நியாயமானது. அதில் கரி மிகுதி, தழைச்சத்து குறைவு. ஆதலின் சாணக் கரைசலும் சிறிது யூரியாவும் சேர்த்தல் வேண்டும். காற்றோட்டமும் அத்தியாவசியம். நீர் தேங்கிய குழியில் பிராண வாயு புகாமையால் சோகை அழுகி நாறுமேயன்றி நன்றாக மக்காது. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்து 1931-ல் வெளியிட்ட முறையில் குவியலை மும்முறை புரட்டச் சொன்னதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. குவியல் போட இயலாதவர் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் சோகையைப் பரப்பி மூடாக்காக விடலாம்.

இவற்றிற்கு ஆள் கூலி ஆகும் என்பதை மறுப்பதற்கில்லை. அச்சுமையைக் குடியானவர் மீதே சுமத்திவிட்டு, எரிக்காதே என்று உபதேசிப்பதால் மட்டும் பயன் விளையாது. சோகையைத் தூளாக்கும் இயந்திரங்களைக் கூட்டுறவுச் சங்கங்களும் சர்க்கரை ஆலைகளும் குறைந்த வாடகைக்கு, வெட்டு முடிந்த வாரத்திலேயே கிடைக்கச் செய்தல் வேண்டும். அதுவரையில் ஒரு காணி நிலத்திலேனும் எரிக்காமல் விட்டு, அடுத்த கட்டைப் பயிரை எரித்த நிலத்துப் பயிருடன் ஒப்பிட்டுப் பார்ப்பது விவேகிகளுக்கு அழகாகும்.