‘என்னவோ போல’ என்பதற்கு எத்தனை மதிப்பெண்?

சென்ற ஆண்டு என் அம்மாவை ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியிலிருந்து தில்லைநகரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். நடுவே காவிரிப் பாலம், அவ்வளவுதான். சில வாரங்களில் அம்மாவின் பேச்சு குறைந்துபோயிற்று. மனநல ஆலோசனைக்குச் சென்ற இடத்தில் ஒரு கேள்வித்தாளைத் தந்தார்கள். கடந்த இரு வாரங்களில் சோகமாக இருந்தீர்களா? ஒருபோதும் இல்லையா, சில நாட்களா, பெரும்பாலான நாட்களா? நான் வாசிக்க வாசிக்க, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றாள். கூட்டிப் பார்த்து, கவலைப்பட ஏதுமில்லை என்றார்கள். படியிறங்கும்போது அம்மா சொன்னாள்: “சோகம்லாம் ஒண்ணும் இல்லப்பா. என்னவோ போல இருக்கு.”

‘என்னவோ போல’ என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

அளவுகோல்களை நான் பழிக்கவில்லை. நூறு பேர் காத்திருக்கும் கூடத்தில் யாரை முதலில் கவனிப்பது என்பதற்கு அவை உதவும். ஆனால் அளப்பதற்கு முன் அளக்கப்படுவது என்னவென்று தெரிய வேண்டாமா? ஜெர்மானியத் தத்துவவாதி எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் (1859-1938) தொடங்கிவைத்த ஃபினாமினாலஜி, அதாவது நிகழ்வியல், எழுப்பும் கேள்வி இதுதான். ஒன்றைப் பற்றி நாம் ஏற்கெனவே கொண்டுள்ள முடிவுகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அது அனுபவிப்பவருக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே விவரிப்பது அதன் முதல் படி. அமெரிக்காவின் டியூக்கேன் பல்கலைக்கழகத்தில் அமேடியோ ஜியார்ஜி இதை உளவியலுக்கான ஆய்வுமுறையாக வளர்த்தெடுத்தார். உளவியலை மனித அறிவியலாக முன்வைக்கும் அவரது நூல் 1970இல் வந்தது. அனுபவித்தவரின் விவரணையை முழுதாகப் படிப்பது, பொருள் மாறும் இடங்களில் பகுப்பது, பிறகு அனுபவத்தின் அமைப்பைத் தேடுவது என்பது அவர் வழி. தமிழ் வகுப்பறைக்கு இது அந்நியமான வேலையே அல்ல.

நம் மாவட்டத்திலேயே இதற்கு நெருக்கமான ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வேலன்டைன் டேனியல், திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி எழுதிய ‘ஃப்ளூயிட் சைன்ஸ்’ 1984இல் வெளிவந்தது. அவர் கைக்கொண்ட கோட்பாடு பியர்ஸின் குறியியல். எனினும் செவிசாய்த்த விதம் நிகழ்வியலாளருடையது. ‘கிராமம்’ என்று கேட்டால் மக்கள் முதலில் எல்லைக்கோட்டை வரைந்தார்கள். ‘ஊர்’ என்று கேட்டால் கோயிலிலும் நாற்சந்தியிலும் தொடங்கி, காவல் தெய்வங்கள் நிற்கும் இடங்களுக்கும் பாதைகள் ஊருக்குள் நுழையும் இடங்களுக்கும் போனார்கள். கிராமம் அரசின் கணக்கு. ஊரோ பேசுகிறவரை மையமாகக் கொண்டது. எந்தக் கேள்வித்தாளும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

இதை மீண்டும் படித்தபோதுதான் அம்மாவிடம் நான் கேட்கத் தவறியது புரிந்தது. 1994இல் ஸ்ரீரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியுடன் இணைந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே அலுவலகத்தில்தான் வரி கட்டுகிறேன். என் கணக்கில் அம்மா ஊர் மாறவே இல்லை! அன்று மாலை, “என்னவோ போலன்னா எப்படிம்மா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: “அங்க வாசல்ல உட்கார்ந்தா தேரே என்கிட்ட வரும். இங்க எல்லாத்துக்கும் நான்தான் போகணும்.”

சோகம், பதற்றம், தூக்கமின்மை எதுவும் இல்லை. தன்னைச் சுற்றியிருந்த உலகத்தின் மையத்திலிருந்து ஒருத்தி பெயர்க்கப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மருந்து தேவைப்படும் மனச்சோர்வு வேறு. அதை இது மறுக்கவில்லை. ஆனால் இதையும் உளவியல் அறிந்திருக்க வேண்டும்.

உளவியல் மாணவர்கள் எங்கள் துறைக்கு வருவது பெரும்பாலும் ஆங்கில அளவுகோலைத் தமிழாக்கித் தரச்சொல்லி. அதற்கு முன்பே வாருங்கள் என்பேன். ‘மனசு கேக்கல’, ‘ஒண்ணும் ஓடல’, ‘வெறிச்சுனு இருக்கு’ என்பவை ஒரே நோயின் வேறு பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் என்ன அனுபவம் என்று முதலில் கேட்டு எழுதுவோம். கேள்வித்தாள் அதன்பின் பிறக்கட்டும்.

எங்கள் மீதும் குற்றமுண்டு. ஒரு துயரைக் கேட்டவுடன் ‘நெய்தல், இரங்கல்’ என்று முத்திரை குத்துகிற தமிழாசிரியனும் கட்டத்தில் குறியிடுகிறவன்தான். ஒதுக்கிவைக்க வேண்டிய முடிவுகள் எங்களிடமும் ஏராளம்.

சித்திரை வீதி வீட்டை விற்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம்.