தாய்மடியும் ஆசனப்பட்டியும்

கடுகண்ணாவை மலையேறிக் கண்டிக்கு வரும் கார்களிலே நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. சாரதியாகிய தந்தை பட்டி அணிந்திருப்பார். அருகே அன்னையின் மடியில், பட்டி ஏதுமின்றிக் குழந்தை. 2011 ஒக்டோபர் முதலாந் தேதி தொட்டுச் சாரதிக்கும் முன்னாசனத்தில் இருப்பவருக்கும் பட்டி கட்டாயம். பேராதனையில் பொலிசாரைக் கண்டதும் நம்மவர் அதைப் பக்தியோடு இழுத்து மாட்டுவர்! குழந்தைக்கு?

தாயின் கரத்தினும் உறுதியான காவல் ஏது என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் சுவரில் மோதுவது, 10 மீற்றர் உயரத்தினின்று வீழ்வதற்கு ஒப்பாகும். அரை மீற்றருக்குள் வண்டி நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள பிள்ளை ஏறக்குறைய 200 கிலோச் சுமைபோல முன்னே பாயும். எந்தக் கரம் அதைப் பற்றி நிறுத்தும்? இருவரையும் ஒரே பட்டியாற் பிணைப்பதோ இன்னுங் கொடிது. தாயின் பாரமெல்லாம் சிசுவை நசுக்கும். கட்டுகஸ்தோட்டை வரைதானே என்பாருக்கும் கணக்கு இதுவே.

குழந்தைக்கென அமைந்த ஆசனத்தைப் பின்னிருக்கையிற் பொருத்துக. கைக்குழந்தை பின்னோக்கியே இருத்தல் வேண்டும். அதன் தலை கனமானது, கழுத்தோ மெலிந்தது. விலை அதிகந்தான், மறுப்பதற்கில்லை. பழையது வாங்குவோர், அது விபத்திற் சிக்கிய வண்டியினின்று வந்ததா என விசாரித்தறிக. வெளியே தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கக்கூடும்.