மணி உதிர்த்த கதிரில் ஒரு பைப்



கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகன் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வரும்போது, மக்காச்சோளக் கட்டையில் செய்த புகையிலை பைப் ஒன்று அப்பாவுக்கு வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். ‘பல வருஷமாக பைப் பிடிக்கிறவன் நான். மரத்தில் செய்ததைத்தான் பார்த்திருக்கிறேன். சோளக்கட்டையில் நல்லது எது, மட்டம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?’ என்று கேட்கிறார்.

அவர் மகன் சரியான ஊர்ப்பக்கம்தான் இருக்கிறார். செயின்ட் லூயிஸுக்கு மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, மிசூரி ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தலைநகர் வாஷிங்டன் வேறு, இது வேறு. இந்த வகை பைப்புக்கு உலகத்திலேயே பேர்போன இடம் இதுதான். நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஹென்றி டிபி என்பவர் அங்கே கடைசல் பட்டறை வைத்திருந்தார். பக்கத்து விவசாயி ஒருவர் சோளக்கட்டையைக் கத்தியால் குடைந்து தனக்கு ஒரு பைப் செய்துகொண்டாராம். அது பிடித்துப்போய், ‘இதைக் கடைசலில் போட்டுத் தாருங்கள்’ என்று டிபியிடம் கொண்டு வந்தாராம். ஊரில் சொல்லிவரும் கதை இது. 1869இல் டிபி விற்பனைக்கே பைப் கடையத் தொடங்கினார். 1878இல், கட்டையின் மேல் உள்ள குழிகளை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அடைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். துருக்கியில் கிடைக்கும் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லில் செய்த விலையுயர்ந்த பைப்பைப்போலவே தன்னுடையதும் லேசாக, சூடு தெரியாமல் இருக்கிறது என்று அதற்கு ‘மிசூரி மீர்ஷாம்’ என்று பெயர் வைத்தார். 1907இல் அதுவே நிறுவனத்தின் பெயரும் ஆனது. இன்றும் அதே ஊரில், ஆற்றைப் பார்த்த பழைய செங்கல் கட்டடத்தில் வேலை நடக்கிறது. அங்கேயே ஒரு சிறு அருங்காட்சியகமும் கடையும் உண்டு.

ஒரு சோளக்கட்டை பைப் நல்லதா இல்லையா என்பது பாதிக்குமேல் வயலிலேயே முடிவாகிவிடுகிறது. நாம் சாப்பிடும் மக்காச்சோளத்தில் கட்டை மெலிசு. விதை ஆராய்ச்சியாளர்களும் சோளத்தில் மணி பெருக வேண்டும், கட்டை குறைய வேண்டும் என்றுதான் பாடுபடுகிறார்கள். பைப்புக்குத் தேவை நேர் எதிர். கட்டை தடித்து, இறுகியிருக்க வேண்டும். அதற்காகவே மிசூரி பல்கலைக்கழகத்தின் துணையோடு உருவான தனி ரகத்தைப் பயிரிடுகிறார்கள். இன்றைய அறுவடை இயந்திரம் கட்டையை நொறுக்கித் துப்பிவிடும் என்பதால், கதிரை முழுசாகப் பறிக்கும் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். மணியை உதிர்த்தபின் கட்டையை உடனே கடைவதும் இல்லை. நம் ஆசாரிகள் மரத்தை ஆறப்போடுவதுபோல, இரண்டு வருஷம் காயப்போட்டு, இறுகிய பிறகே பட்டறைக்கு எடுக்கிறார்கள். களத்து மேட்டில் எரித்துவிடும் ஒரு பொருளுக்கு இரண்டு வருஷம் காத்திருக்கும் அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, கடையில் கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது? வெளிப்பக்க மினுமினுப்பைப் பார்க்க வேண்டாம். புகையிலை அடைக்கும் கிண்ணத்துக்குள்ளே பாருங்கள். இதற்காகவே நண்பர் ஒருவரின் புது பைப்பை வாங்கி, ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். வாய்வட்டத்தில் மூன்று வளையம் தெரிகிறது: வெளியே மணிகள் உட்கார்ந்திருந்த குழிகள், அதையொட்டி மரம்போல் இறுகிய வளையம், நடுவில் பஞ்சுபோன்ற சோறு. துளைபோட்டதில் அந்தச் சோறு பெரும்பாலும் போய்விட்டது. ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது முதல் சில தடவைகளில் கருகிப் போய்விடும், கவலையில்லை. நெருப்பைத் தாங்குவது மரம்போல் இறுகிய அந்த வளையம்தான். அது எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். துளை ஒரு பக்கம் ஒதுங்கிப் போயிருந்தால், மெலிந்த பக்கம் சீக்கிரம் ஓட்டை விழும். அப்படிப்பட்டதைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து அடிப்பாகம். மலிவு ரகங்களில் கிண்ணத்தின் அடி வெறும் கட்டைதான். கனல் கடைசியில் தங்கும் இடம் அது. அவசரமாக இழுப்பவர்கள் கையில் அடி எரிந்துபோகும். கொஞ்சம் விலை கூடிய ரகங்களில் அடியில் கெட்டி மரத்தில் ஒரு அடைப்பு வைத்திருப்பார்கள். கவிழ்த்துப் பார்த்தால் அந்த வட்டம் கண்ணுக்குத் தெரியும். கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. வார்னிஷ் பூச்சுக்கும் அலங்கார வளையத்துக்கும் அல்ல.

பிறகு கழுத்து. கட்டையில் மரக்குழாய் செருகியிருக்கும் இடத்தைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. அந்தக் குழாயின் முனை கிண்ணத்துக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வாங்குபவர்கள் அதைக் குறை என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த பைப்பின் அமைப்பே அப்படித்தான். தொடக்கத்தில் அந்த மரம் கருகும் வாசனை வரும், பிறகு நின்றுவிடும். காற்றுத்துளை கிண்ணத்தின் அடியை ஒட்டித் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே திறந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கிவிடும்.

காலி பைப்பை வாயில் வைத்து ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம், கடைக்காரர் சம்மதித்தால். காற்று தடையில்லாமல் வர வேண்டும். பல பைப்களில் ஆறு மில்லிமீட்டர் காகித ஃபில்டர் வைக்க இடம் விட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு இழுத்தால் சீட்டி அடிப்பதுபோல் சத்தம் வரலாம். அது பழுது அல்ல. வாய்க்குழல் நேராகவா, வளைந்ததா என்பது அவரவர் பழக்கம். பல்லில் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு வளைந்தது சுமை தெரியாது.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் 1945 ஆகஸ்ட் 30 அன்று ஜப்பானின் அட்சுகி விமானதளத்தில் இறங்கியபோது வாயில் இருந்தது சோளக்கட்டை பைப்தான். கிண்ணம் நல்ல ஆழமாக, உயரமாக இருக்கும். அந்த மாதிரியை இன்றும் விற்கிறார்கள். படத்தில் பார்க்கக் கம்பீரம். ஆனால் அவ்வளவு ஆழத்தில் புகையிலையை அடைத்து ஒரே சீராக எரிய வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நடுத்தரக் கிண்ணமே புழக்கத்துக்கு ஏற்றது.

மரத்தில் செய்த பிரையர் பைப்பைப் புதிதில் அரைக்கிண்ணம், முக்கால் கிண்ணம் என்று பழக்கி, உள்ளே கரிப்படிவு ஏற்ற வேண்டும். சோளக்கட்டைக்கு அந்தச் சடங்கு கிடையாது. முதல் நாளே முழுக்கிண்ணம் அடைக்கலாம். ஈரத்தைக் கட்டையே உறிஞ்சிக்கொள்ளும். அதனாலேயே ஒவ்வொரு தடவைக்கும் பிறகு காய விட வேண்டும், தண்ணீரில் கழுவக் கூடாது. உள்ளே கத்தி போட்டுச் சுரண்டுவதும் கூடாது. சூடாக இருக்கும்போது வாய்க்குழலைத் திருகிப் பிடுங்கினால் கழுத்து தளர்ந்துவிடும். பஞ்சு சுற்றிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு எடுப்பதே போதுமான துப்புரவு. இவ்வளவு செய்தாலும் பிரையர் அளவுக்கு நெடுங்காலம் உழைக்காது. அதன் விலைக்கு அது நியாயமே.

கோவை வாசகருக்கு என் பதில் இது: மகனை நேரில் வாஷிங்டனுக்கே போகச் சொல்லுங்கள். அடியில் மரம் வைத்த, பூச்சு குறைந்த, நடுத்தர அளவில் ஒன்று எடுக்கட்டும். படத்தை மட்டும் பார்த்து, எங்கே செய்தது என்று எழுதாத பைப்பை இணையத்தில் வாங்க வேண்டாம். கிண்ணத்துக்குள் பார்க்காமல் வாங்கும் பைப்பில் நல்லது அமைவது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை நான் முடிக்க முடியாது. பைப் புகையை நுரையீரலுக்கு இழுப்பதில்லை, ஆகவே கெடுதல் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். தவறு. உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கு பைப்பும் காரணம். நுரையீரலையும் அது விட்டுவைப்பதில்லை. எவ்வளவு நல்ல கட்டையில் கடைந்தாலும் உள்ளே எரிவது புகையிலைதான். பல வருஷப் பழக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், விட முடிந்தால் விடுங்கள். இதுவரை தொடாத இளைய வாசகர்கள் தயவுசெய்து தொடங்க வேண்டாம். அந்தக் கைவேலை பிடித்திருந்தால், வாங்கி அலமாரியில் வையுங்கள், புகையிலை வாங்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்