நாவுக்குத் தெரியாத அசுத்தம்

உளூவுக்குத் தகுதியான தண்ணீர் எது என்பது, மக்தபில் நம் பிள்ளைகள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று அசுத்தத்தால் மாறிவிட்டாலும் அத்தண்ணீர் தூய்மைக்கு உதவாது. ஆகவே, தண்ணீரின் தன்மையைக் கவனிப்பது நமக்குப் புதியதன்று.

ஆனால், பாலாற்றங்கரையில் வாழ்வோருக்கு இம்மூன்று அடையாளங்கள் மட்டும் போதா. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிற்சாலைகளிலிருந்து, பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் உப்பும், பதனிடப் பயன்படும் குரோமியமும் கழிவுநீரோடு கலந்து ஆற்றையும் நிலத்தையும் அடைந்தன. உப்பை நாக்கு அறியும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அத்தனை நுண்ணிய நஞ்சைக் கண்ணும் மூக்கும் காட்டிக் கொடுப்பதில்லை.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதே மாசு குறித்து 2025 ஜனவரியில் அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. நீதிமன்றம் ஆணையிடலாம், நம் தெருக் கிணற்றை மாதந்தோறும் எட்டிப் பார்க்க அதனால் இயலாது. அது ஊராரின் வேலை. கடலூர் சிப்காட் பகுதிக் கிராமத்தார், 2004ஆம் ஆண்டளவிலேயே எளிய வாளிக் கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தாம் நுகரும் நாற்றத்துக்குச் சான்று தேடினர்.

நாம் ஏன் அதைச் செய்யவில்லை? காரணம் கசப்பானது. ஆலை உரிமையாளர்களில் பலர் நம்மவர். உழைப்பவர்களிலும் பலர் நம்மவர். நம் பள்ளிவாசல்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் அத்தொழில் வாரி வழங்கியிருக்கிறது. எனவே வாய் திறக்கத் தயங்குகிறோம். ஆனால், நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அக்கிணற்று நீரைப் பருகும் அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவர்களுக்கு நம்மீது ஹக் உண்டு.

‘தொழில் கெட்டுவிடும்’ என்று சிலர் அஞ்சுவர். அளவெடுக்காத ஊரில் வதந்திதான் தீர்ப்பு வழங்கும். அது கழிவை முறையாகச் சுத்திகரிப்பவரையும் களங்கப்படுத்தும். முறையாக எடுத்த அளவோ நேர்மையாளரைக் காக்கும்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பகுதிக் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஒரு பதிவேடு தொடங்கட்டும். மழைக்கு முன்னும் பின்னும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து, தேதியோடு இளைஞர்கள் குறிக்கட்டும். அம்மீட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே மதிப்பிடும்; குரோமியத்தை அறிய, ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தையோ, அச்சோதனை வசதியுள்ள வேறு ஆய்வகத்தையோ நாட வேண்டும். வயல் மண்ணையும் அவ்வாறே சோதிக்கலாம். முடிவு நன்றாயினும் தீதாயினும், தொழுகை நேரம் எழுதும் பலகையின் பக்கத்திலேயே அதையும் எழுதுவோம்.

மறைந்த பெற்றோரின் பெயரால் கிணறு வெட்டுவதை ஸதகத்துல் ஜாரியா என்று போற்றுகிறோம். வெட்டிய கிணறு நஞ்சாகாமல் காவல் இருப்பதும் அந்தத் தர்மத்தின் தொடர்ச்சியே.