இலவம் மரத்தடியில் ஒரு நாசா மெத்தை

மூணு வாரமா என் போனைத் தொறந்தா மெத்தைதான். ஒரே ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு 'மெமரி ஃபோம் மெத்தை விலை'ன்னு தேடினேன். அவ்ளோதான் நான் செஞ்ச பாவம். அதுலேர்ந்து பாட்டு கேட்டாலும் மெத்தை, செய்தி படிச்சாலும் மெத்தை. 'இன்று இரவு 12 மணியோடு தள்ளுபடி முடிகிறது'ங்கறான். மறுநாள் காலையில பாத்தா அதே தள்ளுபடி, அதே 12 மணி. எங்க ஆபீஸ் டெட்லைன்கூட இத்தனை தடவை தள்ளிப் போனதில்லை :-)

மெத்தை எனக்கில்லை. அம்மாவுக்கு.

ஊரு ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர்ல பஸ் விட்டு இறங்கி இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே போகணும். அம்மாவுக்கு ரெண்டு வருஷமா இடுப்பு வலி. காலையில சுவத்தைப் பிடிச்சுகிட்டுதான் எழுந்திரிக்கிறாங்க. படுக்கறது கோரைப்பாய்ல. பையன் சென்னையில ஏசியில உக்காந்து பொட்டி தட்டறான், பெத்தவ தரையில படுக்கறாங்கன்னு நினைச்சாலே சோறு இறங்கலை. மெத்தை விக்கறவன் மோப்பம் பிடிக்கறதே இந்தக் குற்ற உணர்ச்சியைத்தான்.

ஒரு சனிக்கிழமை கடைக்கும் போனேன். டை கட்டின தம்பி ஒருத்தர் மெத்தையில கையை அமுக்கி, எடுத்து, பள்ளம் மெதுவா மேல வர்றதைக் காட்டினார். "பாத்தீங்களா சார், நாசா டெக்னாலஜி. ஆர்த்தோபெடிக். அம்மா வலி போயே போச்சு." விலை 28,000. கார்டை எடுக்கப் போனவன், படிச்ச இன்ஜினியரிங்குக்கு ஒரு மரியாதை வேணாமான்னு கையைப் பின்னால இழுத்துகிட்டேன். ரூமுக்கு வந்து ஒரு வாரம் படிச்சேன். படிக்கப் படிக்கக் கோவம்தான் வந்துச்சு.

முதல் கதை: நாசா

கதையே பொய்னு சொல்ல மாட்டேன். 1966-ல சார்லஸ் யோஸ்ட்ங்கற இன்ஜினியர் நாசாவோட ஏம்ஸ் மையத்துக்காக உருவாக்கினதுதான் இந்த ஃபோம். ஆனா எதுக்கு? விமான சீட்டுக்கு. அதிர்ச்சியைத் தாங்கணும், ரொம்ப நேரம் உக்காந்தா உறுத்தக் கூடாது. அதாவது உக்கார்றதுக்குக் கண்டுபிடிச்சதுங்க! அது மெத்தையா ஸ்வீடன்லேர்ந்து விற்பனைக்கு வந்தது 1991-ல.

இன்னொரு விஷயம். விண்வெளியில எடையே தெரியாது. அங்க இருக்கறவங்க தூங்கற பையைச் சுவத்துல கட்டிகிட்டு அதுக்குள்ள தூங்கறாங்க. மெத்தையே தேவைப்படாத ஒரே இடத்தோட பேரைச் சொல்லி நமக்கு மெத்தை விக்கறாங்க. என்னத்த சொல்ல!

அதுவும் எங்க மலைக்காரங்ககிட்டயா? காவலூர் வானாய்வகம் எங்க மலையிலதான் இருக்கு. 1977-ல யுரேனஸ் கிரகத்தோட வளையத்தைப் பதிவு செஞ்ச இடங்கள்ல அதுவும் ஒண்ணு. 1986-லேர்ந்து அங்க 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பாத்துகிட்டிருக்கு. விண்வெளின்னு சொன்னா வாயைப் பொளக்கற ஊர் இல்லை சாமி இது.

ரெண்டாவது கதை: ஆர்த்தோபெடிக்

இந்த வார்த்தையைப் பாத்தா டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்த மாதிரி ஒரு நம்பிக்கை வருதில்ல? எந்த டாக்டர், எத்தனை நோயாளிங்களை, எத்தனை நாள் அதுல படுக்க வச்சுப் பாத்தார்? நான் பாத்த ஒரு அட்டையிலயும் அது இல்லை.

நிஜமாவே படுக்க வச்சுப் பாத்த ஆராய்ச்சி ஒண்ணு உண்டு. 2003-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஸ்பெயின்ல நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்கு, பாதிப் பேருக்குக் கெட்டியான மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரமான மெத்தை குடுத்து 90 நாள் பாத்தாங்க. நடுத்தரத்துல படுத்தவங்களுக்குத்தான் வலி அதிகமாக் குறைஞ்சுது. அவங்க ஒப்பிட்டது எவ்ளோ கெட்டிங்கறதை. பஞ்சா, ஃபோமாங்கறதை இல்லை.

இது எங்க பக்கம் இருக்கற ஒரு நம்பிக்கைக்கும் அடிதான். அடிவாரத்துல ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, "எலும்புல ஒண்ணுமில்ல, கட்டாந்தரையில படும்மா"ன்னு அனுப்பிட்டாங்க. ஊருக்குப் போனா பெரியப்பா, "அந்தக் காலத்துல பாயில படுத்துதான்டா நூறு வயசு வாழ்ந்தாங்க"ன்னு ஆரம்பிப்பார். எங்க தாத்தாவும் பாயிலதான் படுத்தார். அறுபது வயசுல முதுகு வளைஞ்சு, நிமிந்து என் முகத்தைப் பாக்க முடியாம போய்ச் சேர்ந்தார். பாயைப் புனிதமாக்கறதும் மெத்தையைப் புனிதமாக்கறதும் ஒரே வியாதிதான்.

மூணாவது கதை: மெமரி

பேரு மெமரி ஃபோம். ஆனா பல மெத்தையில அந்த ஃபோம் மேல ஒரு இன்ச்தான். கீழ அஞ்சு இன்ச் சாதா ஃபோம். கடைத் தம்பிகிட்ட, "இதோட அடர்த்தி எவ்ளோ, ஒரு கன மீட்டர் எத்தனை கிலோ?"ன்னு கேட்டேன். தம்பி கட்டில் விலையைச் சொன்னார். ஃபோமோட உழைப்பு பெரும்பாலும் அந்த அடர்த்தியிலதான் இருக்கு. போன் வாங்கும்போது ரேம் எவ்ளோன்னு கேக்காம வாங்கறோமா? பேர்லயே மெமரி வச்சிருக்கறவன்கிட்ட மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கறோம்? :-)

அதோட, இந்த ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். உடம்புச் சூட்டுல இளகி வளைஞ்சு குடுக்கறதுதான் அதோட வித்தையே. சென்னை மே மாசத்துல ஏசி இல்லாத ரூம்ல போட்டா, இளகறது ஒரு பக்கம், சூட்டையும் பிடிச்சு வச்சுகிட்டு முதுகை வேக வைக்கும். எங்க மலையில மார்கழி விடிகாலைல, அம்மா எழுந்து போய்ப் படுத்தாங்கன்னா முதல்ல கிடைக்கறது விறைச்ச பலகைதான். ஷோரூம் ஏசியில கையை அமுக்கிக் காட்டறப்ப இதெல்லாம் தெரியாது.

நியாயமாவும் பேசணும். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குப் படுக்கைப்புண் வராம தடுக்க நல்ல தரமான ஃபோம் மெத்தை நிஜமாவே உதவும். ஒருக்களிச்சுப் படுக்கறவங்க சிலருக்குத் தோள் வலி குறையுது. என் டீம்ல ஒருத்தன் வாங்கிட்டுச் சந்தோஷமாத்தான் இருக்கான். வாங்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. வலிக்கு மருந்துன்னு சொல்லி விக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

சரி, மேட்டருக்கு வர்றேன். இவ்ளோ ஆராய்ச்சியும் பண்ணிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். இந்த மெத்தையா அந்த மெத்தையான்னு கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு அம்மா சொன்னாங்க:

"எனக்குப் படுக்கும்போதாடா வலிக்குது? குடத்தை இறக்கி வைக்கும்போதுதான வலிக்குது."

ரெண்டு நிமிஷம் எனக்குப் பேச்சே வரலை.

எங்க கிணறு வீட்டுக்குக் கீழ, சரிவுல இருக்கு. அம்மா ஒரு நாளைக்கு ஆறு குடம் எடுக்கறாங்க. ஒரு குடம் 15 கிலோன்னு வச்சுக்கங்க. ஒரு நாளைக்கு 90 கிலோ. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 33 டன். விறகுக் கட்டு, சாமைக் கொல்லையில நாள் பூரா குனிஞ்சு களை எடுக்கறது, கதிர் அறுக்கறது, இதையெல்லாம் நான் கணக்குலயே சேக்கலை. 33 டன்னை மேட்டுல ஏத்தின இடுப்புக்கு நான் ஆறு இன்ச் ஃபோம் வாங்கிக் குடுத்து, "பாரும்மா, நாசா"ன்னு சொல்லப் போனேன். அந்தக் குடத்தைத் தூக்கி வச்ச தண்ணியிலதான் நான் குளிச்சு ஸ்கூலுக்குப் போனேன்ங்கறதையும் மறந்துட்டேன்.

என் கோவம் கடைத் தம்பி மேல இல்லை, பாவம், அவருக்கும் டார்கெட் இருக்கும். கோவம் என்னை மாதிரி ஆளுங்க மேலதான். ஊருக்கு நேர்ல போய், நாலு நாள் இருந்து, எங்க வலிக்குதுன்னு பாக்கறதுக்கு நமக்கு லீவு கிடையாது. அதனால பாசத்தை டப்பாவுல சுருட்டிக் கொரியர்ல அனுப்பறோம். மெத்தைக் கம்பெனி நமக்கு விக்கறது தூக்கத்தை இல்லைங்க. நம்ம மனசாட்சியைத் தூங்க வைக்கறதை விக்கறான்.

போன மாசம் லீவு போட்டேன். கிணத்துக்கு ஒரு சின்ன மோட்டார், 150 அடி பைப்பு, அடுப்படி ஓரமா 500 லிட்டர் டேங்க். ஒயர், கூலி எல்லாம் சேத்து 21,000 ஆச்சு.

மெத்தையும் போட்டோம். வீட்டுக்குப் பின்னால இலவம் மரம் இருக்கு. இலவம் பஞ்சோட இழை உள்ளே வெறும் குழாய், நிறைய காத்து, அதான் அவ்ளோ லேசு. தண்ணி சீக்கிரம் ஒட்டாது. அந்தக் காலத்துல கப்பல்ல உயிர் காக்கற சட்டைக்குள்ளயே இதைத்தான் அடைச்சாங்க. வழவழப்பா இருக்கறதால நூல் நூக்கறது கஷ்டம், ஆனா மெத்தைக்குன்னே பிறந்த பஞ்சு. குறை இல்லையா? உண்டு. வருஷம் போகப் போக அமுங்கும், கட்டி பிடிக்கும், வெயில்ல போட்டு அடிக்கணும், சில வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சுத் தைக்கணும். தைக்கறவருகிட்ட, "ரொம்பக் கெட்டியாவும் வேணாம், தொளதொளன்னும் வேணாம், நடுவுல"ன்னு சொன்னேன். துணி, தையல் கூலி 2,500. அதைப் பலகைக் கட்டில்ல போட்டாச்சு.

வலி போயிடுச்சான்னு கேக்காதீங்க. கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. மோட்டாராலயா, மெத்தையாலயா, பையன் பத்து நாள் கூட இருந்ததாலயான்னு எனக்குத் தெரியாது. நான் ஆராய்ச்சி நடத்தலை.

போன்ல இன்னும் விளம்பரம் வருது. இன்று இரவு 12 மணியோட தள்ளுபடி முடியுதாம்.