பாதி எழுதிய பக்கம்

கணினி ஒரு பக்கத்தைச் சேமிக்கும்போது மின்சாரம் போனால்? மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் வழக்கமான பக்க அளவு 16 கிலோபைட். பல வட்டுகளோ 4 கிலோபைட் அல்லது அதற்கும் சிறிய துண்டுக்குத்தான் உறுதி தரும். ஆகவே பாதி புதியதும் பாதி பழையதுமாகப் பக்கம் கிழிந்துவிடலாம். அதில் இருப்பது உங்கள் சம்பளக் கணக்காகவும் இருக்கலாம். இதற்குப் பயந்தே மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை எழுதுகிறது.

'எழுதினால் முழுதாக எழுது, இல்லையேல் பழையதைத் தொடாதே' என்பதுதான் அடாமிக் ரைட். 2025 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.13, எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமைகளுக்கு இதைக் கொண்டுவந்தது. வட்டும் ஒத்துழைக்க வேண்டும்.

சோதிப்பது எப்படி? எத்தனை பைட் வரை உறுதி என்று முதலில் கணினியிடமே கேட்கலாம். ஆனால் வாய்ச்சொல் போதாது. நான் சொல்லும் வழி எளிது: ஒரு முறை பக்கம் முழுதும் 1, அடுத்த முறை முழுதும் 2 என்று மாறி மாறி எழுதவிட்டு, நடுவே மின்சாரத்தைத் துண்டியுங்கள். மீண்டும் திறக்கையில் ஒரே பக்கத்தில் 1, 2 இரண்டும் கலந்திருந்தால் வாக்குறுதி பொய். நூறு முறை தேறினாலும் அது நம்பிக்கைதான், நிரூபணம் ஆகாது.

வட்டே பழுதானால் இந்த வசதி கைகொடுக்காது. குடும்பப் படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.